ஒரே கல்லில் இரண்டு மதிப்பெண் பட்டியல்

கேள்வி: அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடமும் படிக்கலாமாமே?

பதில்: படிக்கலாம். இதற்கு ‘இரட்டைச் சேர்க்கை’ என்று பெயர். 1985-இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டத்தில் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் சமுதாயக் கல்லூரிக்கே போய்ப் படிக்கிறார்கள். ஒரே பாடத்துக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் கிரெடிட் (பாடப் புள்ளி) கிடைக்கும். கல்விக் கட்டணம் இல்லை. புத்தகச் செலவு பெரும்பாலும் பெற்றோர் தலையில். ‘ஏ.பி.’ (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) முறை வேறு: கல்லூரித் தரப் பாடம் பள்ளியிலேயே நடக்கும், மே மாதத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து, கிரெடிட் தருவதா என்று கல்லூரி முடிவு செய்யும். இரட்டைச் சேர்க்கையிலோ, பதினாறு வயதில் வாங்கிய ‘சி’ கிரேடும் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிடும். அந்த கிரெடிட்டை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை; ‘சி’யை மட்டும் எல்லாரும் பார்ப்பார்கள்.