பெருவும் தேங்காய்ச் சட்னியும்

ஐம்பது வயதுக்கு மேல் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு ஹாம் ரேடியோ வந்தது. வீட்டிலிருந்தே வானொலி அலையில் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு. பரீட்சை எழுதி, மத்திய அரசின் லைசென்ஸ் வாங்கி, வி.யு.2 என்று ஆரம்பிக்கும் கால்சைன் என்கிற அழைப்புக்குறியும் கிடைத்தது. வீட்டில் மிச்சமிருந்த மரியாதை அன்றோடு சரி.

இருபது மீட்டர் பேண்டுக்கு ஆன்டெனாவாக 33 அடி நீளக் கம்பி வேண்டும். மொட்டை மாடியில் மூங்கில் நட்டு இழுத்துக் கட்டிவிட்டு, கீழே காபி குடித்துத் திரும்பினால், அதில் இரண்டு நைட்டியும் என் பனியனும் காய்ந்துகொண்டிருக்கின்றன. "இப்பதான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டு வேறு.

நம் அலை இருக்கிறதே, அது ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தைத் தொட்டு, வளைந்து, எங்கோ வெளிநாட்டில் போய் இறங்கும். நடுவில் உள்ள ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். ஜப்பான்காரருக்குக் கணீரென்று கேட்கிற என் குரல் செங்கல்பட்டு நண்பருக்கு முணுமுணுப்பாகக்கூடக் கேட்காது. ஜப்பானோடு பேசிய பெருமையை அவருக்குச் செல்போனில்தான் சொன்னேன். "அப்போ ஜப்பானுக்கும் செல்லுலயே பேசியிருக்கலாமேப்பா" என்றாள் மகள்.

பெருவைப் பிடிப்பதுதான் கஷ்டம். 17,000 கிலோமீட்டருக்கு மேல். இங்கே பொழுது விடியும்போது அங்கே பொழுது சாயும். அந்தச் சந்தியில்தான் கொஞ்ச நேரம் வழி திறக்கும். ஒருநாள் காலை ஆறு மணிக்கு லிமாவிலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார். ஐரோப்பாக்காரர்கள் பெரிய பெரிய டவர்களோடு மேலே விழுந்து கத்துகிறார்கள். நானும் என் 100 வாட்டை வைத்துக்கொண்டு "விக்டர் யூனிஃபார்ம் டூ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து, "யாருடா அந்த விக்டர்?" என்றார். அதே நேரம் லிமாக்காரரும், "அந்த வி.யு.2 யார், முழுசாகச் சொல்லுங்கள்" என்றார்.

வாயைத் திறக்கிறேன், அடுப்படியில் மிக்ஸி ஓடியது. ஸ்பீக்கரில் கர்ர்ர். தேங்காய், பொட்டுக்கடலை, இரண்டு பச்சை மிளகாய் எல்லாம் மசிந்து மிக்ஸி ஓய்ந்தபோது, லிமாக்காரர் ஓர் இத்தாலிக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். சட்னி என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. மூன்று தோசை கூடுதலாகவே உள்ளே போயிற்று.

வீட்டில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. எங்கள் தெருக்காரர்களிடமாவது கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: காலை ஆறிலிருந்து ஆறரை வரை தயவுசெய்து மிளகாய்ப்பொடி தொட்டுக்கொள்ளுங்கள்.