கெழவிகிட்ட குழம்பு கேக்கப் படிக்கப் போறவனுக்கு

ஏல பேராண்டி, எங்கல கெளம்பிட்ட? அமெரிக்காவுல டாம்பாவா? பயன்பாட்டு மானிடவியலா? அதாவது, ஊர்க்காரன் என்னத்தத் திங்கான், யாருக்குப் பயப்படுதான், சொன்னா ஏன் கேக்க மாட்டங்கான்னு பாத்து, ஆகுத காரியத்துக்கு வழி சொல்லுத படிப்பு. உங்க ஆச்சி வெத்தலை இடிச்சிக்கிட்டே இதையெல்லாம் முடிச்சிட்டாளே. அவளுக்கு யாருல பட்டம் குடுத்தா?

இதுக்குன்னே அமெரிக்காவுல மொதல் எம்.ஏ. வச்சது டாம்பாவுல நீ போற அந்தத் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம்தான். 1974-ல. 1984-ல டாக்டர் பட்டமும் வந்துட்டு. வகுப்புல உக்காந்தா மட்டும் பத்தாது, வெளிய போயி வேலை பாத்துட்டு வந்து எழுதணும். அது நல்ல ஏற்பாடு. ஆனா ஆராய்ச்சின்னு ஒரு கெழவிகிட்ட ‘என்ன கொழம்பு வச்சே’ன்னு கேக்கதுக்கு மொதல்ல நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப் போடணுமாம்லா! என்ன கேக்கப் போற, கேட்டா கெழவிக்கு என்ன கெடுதி வரும், எழுதுனதை எங்க பூட்டி வைப்ப, அம்புட்டும் சொல்லணும். அவிய தலையாட்டுன பெறவு கெழவிகிட்ட சம்மதம் வாங்கணும். அதுக்குள்ள கொழம்பு ஊசிப் போவாதால?

சரி, கேலி கெடக்கட்டும். இந்தப் படிப்பு எதுக்கு ஆகும்னு சொல்லுதேன். பெரு நாட்டுல லாஸ் மோலினோஸ்னு ஒரு ஊரு. 200 குடும்பம். தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு சுகாதாரக்காரி 2 வருசம் வீடு வீடா ஏறி எறங்குனா. புதுசாக் காய்ச்சுனது 11 வீடு. மத்தவளுக்கெல்லாம் மூளை இல்லையா? எட்வர்ட் வெலின்னு ஒருத்தர் விசாரிச்சு 1955-ல எழுதியிருக்காரு. அந்த ஊர்ல காய்ச்சுன தண்ணி சீக்காளிக்கு உள்ளதாம். நல்லாருக்கவ அதைக் குடிச்சா ஊரு என்ன சொல்லும்? அதுபோக, வெறகுக்கு அவ எங்க போவா?

ஹெய்ட்டி கதையைக் கேளு. மரம் நடு, மண்ணு அரிக்காதுன்னு சொல்லிச் சொல்லிப் பெரிய அதிகாரிகளுக்குத் தொண்டை வத்திட்டு. சம்சாரி அசையல. ஜெரால்ட் மர்ரேன்னு ஒரு மானிடவியல்காரர் அந்தச் சம்சாரிகளோட கெடந்து பழகுன மனுசன். அவரு கண்டது என்ன? நட்ட மரத்தை சர்க்காரு எனக்குன்னு சொல்லிருமேன்னு அவனுக்குப் பயம். ‘மரம் உன்னது. வெட்டு, கரி போடு, வித்துக் காசாக்கு’ன்னு சொல்லி 1981-ல கன்னு குடுத்தாவ. 4 வருசத்துல 6,000 குடும்பம், 30 லட்சம் மரம்னு கணக்கு. நட்டதோ 75,000 குடும்பம், 2 கோடி மரம்! வெட்டலாம்னு சொன்ன பெறவுல்லா நட்டான்! எந்தச் சம்சாரியக் கேட்டாலும் சொல்லியிருப்பான். அதைக் கேக்கதுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்குன ஒருத்தர் வரவேண்டியதாப் போச்சு.

அதனால போயிட்டு வா, நான் மறிக்கல. போன எடத்துல மொத நாளே நோட்டை விரிச்சு ‘உங்கள் வாழ்வியல் விழுமியங்கள் யாவை’ன்னு கேட்டிராத, நாயை அவுத்து விட்டுருவாவ. காப்பி குடுத்தா குடி. செத்த நேரம் சும்மா இரு. அந்தக் கெழவியே ஆரம்பிப்பா. நீ எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, ஆத்தாளை யாரு பாத்துக்கிடுதான்னு. அவ எந்தக் குழுவுக்கும் எழுதிப் போட்டுருக்க மாட்டா.