பிள்ளையாருக்கு வரி இல்லை, யானைக்கு உண்டு

(கைத்தொழில் கேள்வி-பதில்: பெரம்பலூர், அரியலூர் வாசகர்களுக்காக)

*எங்கள் சிற்பப் பட்டறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றால், "நாற்பது வருஷக் கணக்கும் என் மனசிலே இருக்கு, அது எதுக்கு?" என்கிறார் அப்பா. எப்படிச் சம்மதிக்க வைப்பது?*
— ஒரு மகள், அரும்பாவூர்

அப்பா சொல்வது சரிதான். வாகை மரம் காயும்போது எந்தப் பக்கம் வெடிக்கும், உளியை எந்த வாட்டத்தில் ஓட்டினால் சிலும்பாது என்ற கணக்கெல்லாம் அவர் மனசில்தான் இருக்க முடியும். அது அங்கேயே இருக்கட்டும். கம்ப்யூட்டரிடம் கொடுக்க வேண்டியது வேறு கணக்கு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோயிலுக்கு ரிஷப வாகனம் செய்து கொடுத்திருப்பீர்கள். இன்று பக்கத்து ஊர்க்காரர் வந்து, "அதே மாதிரி, அதே உயரத்தில் எங்களுக்கும் வேண்டும்" என்கிறார். என்ன உயரம்? எத்தனை கன அடி மரம் போனது? எத்தனை ஆள், எத்தனை நாள்? அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எப்போது கைக்கு வந்தது? அப்பா மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பதற்குள் வந்தவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

கணக்கில் ஆரம்பிக்காதீர்கள். படத்தில் ஆரம்பியுங்கள். வேலை முடிந்த ஒவ்வொரு சிற்பத்தையும் முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் என்று நாலு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோலை நிறுத்தி எடுத்தால் உயரம் படத்திலேயே பதிந்துவிடும். கோயில் பெயர், மாதம், வருஷம் போட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். நாற்பது வருஷமாக அந்தக் கையிலிருந்து போன வேலைகளுக்கு வீட்டில் எத்தனை படம் இருக்கிறது? தான் செதுக்கியதை வரிசையாகத் திரையில் பார்க்கும் நாளில் மவுஸை அவரே கேட்டு வாங்குவார்.

*கம்ப்யூட்டரைப் பட்டறையிலேயே ஒரு மூலையில் வைக்கலாமா?*
— ஒரு மரச்சிற்பி, தழுதாழை

வேண்டவே வேண்டாம். ஒரு மரப்பட்டறையில் அடிக்கடி தானாக அணைந்துபோன கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே விசிறி இருந்த இடமே தெரியவில்லை. உப்புத்தாள் போடும்போது பறக்கிற மாவு போன்ற தூளை விசிறி இழுத்து இழுத்து, கம்பளி நெய்த மாதிரி ஒரு படலம் கட்டியிருந்தது. சூடு வெளியே போக வழியில்லை. மூச்சு முட்டி நின்றுவிட்டது, பாவம்.

கதவு உள்ள வேறு அறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஊதித் துடையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது துணி போட்டு மூடாதீர்கள். கரண்ட் போகிற ஊர் என்றால் லேப்டாப் நல்லது. மேஜைக் கம்ப்யூட்டர்தான் வேண்டுமென்றால் யுபிஎஸ் இல்லாமல் வாங்காதீர்கள்.

*சாமி சிலையும் செய்கிறேன், யானை பொம்மையும் செய்கிறேன். பில்லில் எதற்கு எவ்வளவு ஜிஎஸ்டி போடுவது?*
— ஒரு கைவினைஞர், வேப்பந்தட்டை

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இது. மரத்தில் செய்த தெய்வச் சிலைக்கு 2018 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி கிடையாது. செதுக்கிய அலங்கார மரப்பொருளுக்கு உண்டு. முன்பு 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆக, பிள்ளையாருக்கு வரி இல்லை, யானைக்கு உண்டு. தும்பிக்கை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், பில்லில் மட்டும் வேறு வேறு ஆள்.

இதை மனசில் வைத்துக்கொண்டு சந்தை நாளில் பில் போட்டால் நிச்சயம் குழம்பும். கம்ப்யூட்டரில் ஒருமுறை உட்கார்ந்து, ஆடிட்டரையும் கேட்டுக்கொண்டு, இரண்டையும் தனித்தனிப் பொருளாகப் பதிந்து வைத்தால் போதும். பழைய 12 சதவீதம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. ஜிஎஸ்டி எண் வாங்காதவர் பில்லில் வரி என்று ஒரு பைசாகூட வசூலிக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. கோயிலின் பழைய வாகனத்தைப் பழுது பார்த்து வண்ணம் தீட்டித் தரும் கூலி வேலையும் சேர்த்துச் செய்தால் அந்த வரம்பு 20 லட்சமாகக் குறையும். வாகனம் புதுப்பிக்கும் வேலை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. வெளி மாநிலம் என்றாலே ஜிஎஸ்டி எண் வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள்.*
— பெயர் வேண்டாம், பெரம்பலூர்

மற்ற சரக்குக்கு அதுதான் சட்டம். பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, செதுக்கிய மரப்பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 20 லட்சம் விற்றுமுதல் வரை பதிவில்லாமலே அனுப்பலாம். பான் எண் இருக்க வேண்டும், சரக்கை அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில் எடுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்ச் சரக்கானாலும் மாநில எல்லை தாண்டினால் அந்த இ-வே பில் தேவை. அதை எடுப்பது இணையத்தில்தான். கம்ப்யூட்டர் எதற்கு என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

*எனக்கு இங்கிலீஷ் வராது.*
— ஒரு பெண் கைவினைஞர், பெரம்பலூர்

தமிழ் வருமே! 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் 31 விசை பழகினால் 247 எழுத்தும் வந்துவிடும். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் உட்காருங்கள்.

*நாங்கள் நெசவுக்காரர்கள். தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.*
— ஒரு நெசவாளர், செங்குந்தபுரம், ஜெயங்கொண்டம் அருகே

ரத்த சம்பந்தம்! உங்கள் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பாருங்கள். அதில் ஓடும் அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், இல்லாவிட்டால் போகாது. அதற்கேற்ப இழை தூக்கும் அல்லது தூக்காது. பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1800-களின் தொடக்கத்தில் செய்து காட்டியது இது. அந்த அட்டையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப்பொறிக்குக் கடன் வாங்கத் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்தே எண்ணினார். அவர் தொடங்கிய நிறுவனமும் சேர்ந்து பிற்காலத்தில் ஐபிஎம் ஆனது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்லில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற வித்தையைக் கம்ப்யூட்டருக்கு முன்பே தறி செய்து காட்டியது. ஆகவே கம்ப்யூட்டர் உங்கள் வீட்டுக்கு அந்நியமாக வரவில்லை, பேரன் தாத்தா வீட்டுக்கு வருகிற மாதிரி வருகிறது.

*கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் மிஷினே மரத்தைக் குடைந்து தள்ளுகிறதாமே? எங்கள் கதி?*
— ஓர் இளம் சிற்பி, அரும்பாவூர்

சிஎன்சி மிஷின் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரே கதவு வேலைப்பாட்டை நூறு முறை அச்சுப்போல் வெட்டுவது அதற்குச் சுலபம். அந்த வியாபாரத்தில் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரே கட்டையில், அந்த மரத்தின் ரேகையையும் கணுவையும் பார்த்து முகத்தைத் திருப்பி வைப்பது உங்கள் வேலை. அதற்குத்தான் 2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அதைத் தம் சரக்கில் போட்டுக்கொள்ள ஒவ்வொரு சிற்பியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிந்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் உங்கள் கொட்டாப்புளி உளிமேல் விழுவதை ஒரு நிமிஷ வீடியோவாக எடுத்து ஒவ்வொரு ஆர்டரோடும் அனுப்புங்கள். மிஷினால் அந்த வீடியோவை எடுக்க முடியாது.

*கம்ப்யூட்டர் வாங்கப் பணம்?*
— ஒரு தச்சர், அரியலூர்

மரவேலை உட்பட 25 தொழில்களுக்கு என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் கால் பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். வயது 35 ஆகியிருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

*டேலி வாங்கணுமா?*
— ஒரு கைவினைப் பொருள் கடைக்காரர், பெரம்பலூர்

ஜிஎஸ்டி பதிவு செய்து மாதம் நிறைய பில் போடுகிறவர் வாங்கலாம். 1986-ல், தம் தொழிலுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காத ஒரு தகப்பனார் மகனையே எழுதச் சொன்னதில் பிறந்தது அது. சின்னப் பட்டறைக்கு லிப்ரே ஆபீஸ் போதும், இலவசம். வாரம் ஒரு நகல் பென் டிரைவில் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

*வாங்கியாயிற்று. முதலில் எதை டைப் செய்வது?*
— ஒரு சிற்பி, அரும்பாவூர்

பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, இப்போது கையில் இருக்கும் சிலைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று எழுதுங்கள். நம் ஊரில் மர விலையை எழுதுவார்கள், பெயின்ட் விலையை எழுதுவார்கள், தன் கையின் விலையை மட்டும் எழுத மாட்டார்கள். என் மனசைத் தைப்பது அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். சிலை விலை 15,000 ரூபாய். மரமும் வண்ணமும் 4,000. மிச்சம் 11,000. வேலை நாள் 18 என்றால் நாள் ஒன்றுக்கு 611 ரூபாய். உங்கள் ஊரில் கொத்தனார் இன்று என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதை இந்த 611-க்குப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள். அடுத்த ஆளுக்கு விலை சொல்லுமுன் அந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.