முல்லைத் தாமதம்: நெய்வேலி நோக்கில் ஓர் ஆய்வு

நெய்வேலி நகரியத்தின் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் ஆடிப்பெருக்கன்று நடப்பட்ட முல்லைப் பதியன், நாற்பது நாளில் இரண்டு விரற்கடை வளர்ந்தது. அளவெடுத்தது தையல் டேப்பால். அதன் முதல் அங்குலம் கிழிந்துபோனதால் சிறு பிழை இருக்கலாம்.

எதிர்வீட்டு அண்ணன் அனல்மின் நிலையச் சாம்பலைக் குற்றம் சொன்னார். அதே சாம்பலில் அவர் வீட்டு முருங்கை மொட்டைமாடியை எட்டிப் பார்ப்பதால் இக்கருத்து தள்ளுபடி. "பாரி தேரையே குடுத்தான், நீங்க ஒரு குச்சி நட்டீங்களா?" என்பது இல்லத்தரசியின் கேள்வி. டிவிஎஸ் 50-ஐ இரண்டு நாள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். கொடி கண்டுகொள்ளவில்லை, காய்கறிக்கு நடந்து போனதுதான் மிச்சம். மேலும், பாரி கண்டது படரத் துடித்த கொடி. நட்ட புதிதில் பார்த்திருந்தால் தேரை ஓட்டிக்கொண்டு போயிருப்பான்.

கொடிகளின் அசைவு பற்றி 1865-இல் நூலளவு கட்டுரை வெளியிட்ட டார்வின், உடல்நலமின்றி அறையில் கிடந்தபடியே ஹாப் கொடியைக் கவனித்தவர். வெயில் நாளில் அதன் நுனி ஒரு சுற்று வர சராசரி 2 மணி 8 நிமிடம் என்று கணக்கெழுதினார். நானும் ஈசிசேர் போட்டேன். அந்நேரத்துக்குள் தூங்கிவிட்டதால் ஒப்பிடத் தரவு இல்லை.

என் முடிவு வேறு. தாய்ச்செடியிலிருந்து வெட்டிய பதியனுக்கு இலைகள் இருக்கும், அவற்றுக்குத் தண்ணீர் கொடுக்கப் போதிய வேர் இராது. ஆகவே முதல் வேலை மண்ணுக்குள். இது அப்படியே நெய்வேலி வழக்கம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டப்போய்க் கரி கண்ட ஊர் இது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், நிலக்கரி தட்டுப்பட்டது 1961-இல், மின்சாரம் 1962-இல். அதுவரை மேலே பார்த்தவனுக்குத் தெரிந்தது மண்மேடு மட்டும். அந்தக் கரியே முன்னொரு காலத்துக் காடுதான். இந்த மண்ணில் தாவரத்துக்கு அவசரம் கிடையாது.

இதை ஐயமற நிறுவ, கடந்த ஞாயிறு கொடியைப் பிடுங்கி எதிர்வீட்டு அண்ணனிடம் காட்டினேன். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வேர், நூல்நூலாக. அவரும் ஒப்புக்கொண்டார். மறுபடி நட்டுவிட்டேன்.

நேற்று இலை உதிர்ந்தது. ஆய்வு 1957-க்குத் திரும்பியிருக்கிறது.