புறணி பேச விடுங்க வாத்தியாரய்யா

வாங்க வாத்தியாரய்யா, இப்பிடி உக்காருங்க. பதினொண்ணாப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாட்டுப் படம் போட்டுக் காட்டிப் பேச வைக்கப் போறீகளாமே? பேரன் சொன்னான். எதுக்குங்க இந்த விஷப்பரீட்சை? பிள்ளைக நெசமாவே பேசிப்புட்டா, டவுன்ல 'முப்பதே நாள்ல ஸ்போக்கன் இங்கிலீஷ்'னு போர்டு மாட்டியிருக்கிறவுக பொழப்பு என்னாகும்?

இப்ப நடக்கிற முறைக்கு என்ன கொறச்சல்? ஜெலஸின்னா பொறாமை, ரிக்ரெட்டுன்னா வருத்தம்னு இருபது வார்த்தைய எழுதிப் போட்டா, பிள்ளைகளும் தலையக் குனிஞ்சு எழுதுதுக. வகுப்பும் கம்முனு இருக்கு. நேத்து எம்பேரன் ஜெலஸிய ஒரு எழுத்துப் பிசகாம எழுதிட்டான். அத வச்சு வாயத் தொறந்து ஒண்ணு சொல்லுடான்னா விட்டத்தப் பாக்கான்.

மேசைன்னா தட்டிக் காட்டலாம். ஆடுன்னா அந்தா வாசல்ல நிக்கி. பொறாமைய எங்க போய்த் தட்ட? ஒருத்தருக்கு நேந்த கதையச் சொன்னாத்தான அது வெளங்கும்? நீங்க அப்ஸ்ட்ராக்ட் நவுனுங்கறீகளே, பொறாமை, துரோகம், வீராப்பு, அவமானம், அம்புட்டும் எங்க திண்ணையில தினப்படி பொழங்குற சரக்கு. அடுத்தவுக கதையப் பேச ஆரம்பிச்சா, இந்த வார்த்தைக இல்லாம ஒரு நிமிசம் ஓட்ட முடியாது. அந்த முட்டுப்பாடு வந்தப்பறம் வார்த்தையக் குடுங்க.

அதனால படம் போடத்தான் போறீகன்னா, மொதல்ல சத்தத்த அமத்திட்டுப் போடுங்க. எனக்கு ஏபிசிடிக்கு மேல தெரியாது. பேரன் செல்லுல ஜானி கேஷுன்னு ஒரு அமெரிக்கக் கிழவரக் காட்டினான், 'ஹர்ட்'டுங்கிற பாட்டு. 2003-ல வந்தது. அந்த வருசமே சம்சாரம் போயி, நாலு மாசத்துல அவரும் போய்ட்டாராம். மேசை நெறைய விருந்து, ஒயின எடுத்து அது மேலயே ஊத்துறாரு. படிக்கட்டுல நின்னு அந்தம்மா ஒரு பார்வை பாக்குது பாருங்க, எங்க தெருவுக்கு நாலு நாள் பேச்சு ஓடும்! ஆனா அந்தப் பாட்டு வரி தன்னத்தானே நோகடிக்கிற சமாச்சாரமாம். பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. எதப் போட்டாலும் வரிய முன்கூட்டியே கேட்டுக்கிடுங்க.

பிள்ளைகளுக்கு கோல்ட்பிளேகாரங்க 2002-ல எடுத்த 'தி சயின்டிஸ்ட்' போடுங்க. படமே பின்னாலயிருந்து முன்னால ஓடுது. மெத்தையில கெடக்கிறவன் எந்திரிச்சுப் பின்பக்கமாவே நடந்து, நொறுங்கின காருகிட்டப் போறான். உதடு பொருந்தணும்னு கிறிஸ் மார்ட்டின் பாட்டையே தலைகீழா உருப்போட்டாராம். உருப்போடுறதுல நம்ம பிள்ளைக மட்டும் இளப்பமா? நேராப் போட்டதே அதுகளுக்குத் தலைகீழாத்தான இருக்கு.

பாதிப் பேர போர்டுக்கு முதுகு காட்டி உக்கார வைங்க. பாக்கிறவன் பாக்காதவனுக்குச் சொல்லணும், இங்கிலீஷ்ல. பாக்காதவன் சும்மா இருப்பானா? ஏன் இப்பிடி நடக்கான், தப்பு யாரு மேலன்னு கொடைவான். சொல்றவனுக்கு நாக்கு தடுக்கும். அங்கன படத்த நிறுத்தி, 'கில்ட்'டுங்கிற வார்த்தையப் பைய நீட்டுங்க, லபக்குனு பிடிச்சுக்கிடுவான். அப்பறம் எடத்த மாத்துங்க. நடுவுல பூந்து 'ஈ.டி. விட்டுட்டே'னு மட்டும் திருத்தாதீக. புறணி பேசுறவள நிறுத்தி இலக்கணம் திருத்தினா, அவ அடுத்த வீட்டுக்குப் போயிருவா. சத்தத்தோட போடுறது கடேசியில. அப்பப் பாருங்க, காது எப்பிடித் தீட்டியிருக்கும்னு.

ஆர்.இ.எம்.முன்னு ஒரு குழு 1993-ல விட்ட 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' இதவிடத் தோது. ரோட்டுல வண்டியெல்லாம் அடைச்சு நிக்கும். உள்ள இருக்கிறவுக மனசுல ஓடுறது கீழ எழுத்தா வரும். அந்த எழுத்து மேல ஒரு காயிதத்த ஒட்டி மறைச்சிருங்க. யாரு என்ன நெனைக்காகன்னு பிள்ளைக சொல்லி முடிச்சப்பறம் காயிதத்த எடுங்க. எழுதினவனவிட நம்ம வால்பையனுக ஒருபடி மேல போயிருப்பானுக.

வகுப்பு சந்தக்கடையாயிரும், அதுக்கு நான் பொறுப்பில்ல. ஹெச்.எம். எட்டிப் பாத்து என்னய்யா கூத்துன்னா, அப்ஸ்ட்ராக்ட் நவுன் நடக்கு சார்னு சொல்லிருங்க. அவரப் பத்தியும் பிள்ளைக இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சேத்து வச்சிருப்பாக. அது அவரு காதுல விழாமப் பாத்துக்கிடுங்க.