பாட்டியும் பௌலிங் வீசினாள்

கேள்வி: வீடியோ கேம் என்றாலே கம்ப்யூட்டர் பைத்தியங்களின் சமாச்சாரம் என்றிருந்தது. இன்று ரயிலில் பக்கத்து சீட் மாமிகூட ஆடுகிறாரே, யார் செய்த மாயம்?

பதில்: என் ஓட்டு நிண்டெண்டோவுக்கு. 2006-இல் சோனியும் மைக்ரோசாஃப்டும் படத்தின் துல்லியத்துக்காக மல்லுக்கட்டியபோது, அந்த ஜப்பான் கம்பெனி மட்டும் அதுவரை கேம் பக்கமே வராதவர்களைப் பற்றி யோசித்தது. கேம் கன்ட்ரோலரில் இருக்கும் அத்தனை பொத்தான்களைப் பார்த்தால் யாருக்குத்தான் கை வரும்? எனவே 'வீ' (Wii) என்ற தங்கள் புதிய கேம் கருவியோடு டிவி ரிமோட் போல ஒன்றைக் கொடுத்தார்கள். டென்னிஸ் ஆட வேண்டுமா? கையை வீசினால் போதும். அமெரிக்க முதியோர் இல்லங்களில் தாத்தா பாட்டிகள் பௌலிங் போட்டியே நடத்தினார்கள்! பந்தைத் தூக்க வேண்டாம், முதுகும் பிடிக்காது. 'வீ' 10 கோடிக்கு மேல் விற்றது.

பிறகு ஸ்மார்ட்போன் வந்தது, தனிக்கருவியே தேவையில்லை. 2012-இல் கேண்டி க்ரஷ் என்ற கேம் கைபேசிக்குள் புகுந்தது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வீடியோ கேம் போட்டிகளான இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

கைபேசி கேம்களைப் பார்த்து 'இதெல்லாம் ஒரு கேமா?' என்று பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளிப்பதை நான் ஏற்கமாட்டேன். கேண்டி க்ரஷில் மூவாயிரமாவது லெவலைத் தாண்டியவர், எந்தக் கன்சோல்காரருக்கும் குறைந்த கேமர் இல்லை.