அப்பாவுக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி: 75 வயது அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக. நாடித்துடிப்பை எண்ணும், நடந்த அடிகளை எண்ணும். டீக்கடை பெஞ்சில் கூட உட்கார்ந்து அரசியல் மட்டும் பேசாது. ஆனால் வாட்ச் வாங்கும் முன்னால் பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி மாட்டுங்கள். போகும் வழியில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். இந்த வயதில் இடுப்பெலும்பு உடைவது மாரத்தான் ஓடி அல்ல, ராத்திரி இருட்டில் செருப்பைத் தேடிப் போய்த்தான். பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுக்கு அடிக்கடி ஆட்டோ பிடித்து அனுப்பி வையுங்கள். இருவரும் பிள்ளைகளைப் பற்றிக் குறை பேசட்டும் (உங்களையும் சேர்த்துத்தான்). நீங்கள் வெளியூர்வாசி என்றால், முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிதாக எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், கட்டணம் கிடையாது.